தரை மட்டும் இறங்குகிறதா, சுவரும் சேர்ந்து இறங்குகிறதா: டியூப் மட்டம் வைத்து நீங்களே பார்ப்பது எப்படி

ஹாலில் கோலிக்குண்டு போட்டால் ஒரு மூலைக்கே ஓடுகிறது என்பதற்காக வீடு இறங்குகிறது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் எந்த வீட்டுத் தரையில் ரசமட்டம் வைத்தாலும் குமிழி நட்ட நடுவில் நிற்பது அபூர்வம்தான். கழுவிவிட்டால் தண்ணீர் வெளியே ஓடவேண்டும் என்று மேஸ்திரியே வாசல் பக்கம் வாட்டம் கொடுத்திருப்பார், இல்லை டைல்ஸ் போட்டவர் அவசரத்தில் ஒரு நூல் இரண்டு நூல் விட்டிருப்பார், இல்லை உள்ளே கொட்டிய மண் நாளாவட்டத்தில் அமுங்கியிருக்கும், இல்லை நிஜமாகவே கடக்கால் (அஸ்திவாரம்) ஒரு பக்கம் இறங்கியிருக்கும். காலடியில் நான்கும் ஒரே மாதிரிதான் தெரியும். முதல் இரண்டுக்கும் ஒன்றும் செய்ய வேண்டாம், மூன்றாவது செலவு, நான்காவதுதான் ஆபத்து.

அளப்பதற்கு முன் தரை எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பாதிக் குழப்பம் இங்கேதான். நம் பக்கம் சாதாரண வீட்டில் கெட்டி மண் வரும்வரை கடக்கால் தோண்டி, கருங்கல் கட்டி, தரை மட்டம் வரை பேஸ்மட்டம் எழுப்பி, சுற்றிலும் பெல்ட் என்னும் கான்கிரீட் பட்டை போட்டு அதன்மேல் சுவர் வைக்கிறார்கள். சுவரின் பாரம் அப்படியே கல்லில் இறங்கிவிடும். தரை அப்படியில்லை. நான்கு சுவருக்கு நடுவே தோண்டிய மண்ணையும் கிராவலையும் கொட்டி நிரப்பி, அதன்மேல் மெல்லிசாகக் கான்கிரீட் போட்டு டைல்ஸோ சிவப்புக் காவியோ போடுகிறார்கள். அந்த நிரப்பை அடுக்கு அடுக்காகத் தண்ணீர் விட்டுத் திமிசுக்கட்டை போட்டு இறுக்கினால் சரி, லாரியிலிருந்து ஒரே கொட்டாகக் கொட்டி மேலே மட்டும் தட்டிவிட்டுப் போயிருந்தால் தரை அமுங்கத்தான் செய்யும். அப்போது சுவர் அசையாது, தரை மட்டும் கீழே போகும். சுவரோடு ஒட்டிய ஸ்கர்ட்டிங் மேலேயே நின்றுவிட, அதற்கும் டைல்ஸுக்கும் நடுவில் ஒரு இடைவெளி திறக்கும், அதில் எறும்பு வரிசை போகும். இது பார்க்கப் பயமாக இருந்தாலும் வீட்டின் உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆகவே தரையை மட்டும் அளந்தால் உங்கள் கேள்விக்கு விடை வராது. சுவரையும் சேர்த்து அளக்க வேண்டும், அதுவும் குறைந்தது இரண்டு தடவை, வீட்டுக்கு வெளியே அசையாத ஒரு இடத்தை வைத்து. மற்றதெல்லாம் இதற்கான விவரம்தான்.

சாமான் அதிகம் வேண்டாம். ஹார்டுவேர் கடையில் கேட்டால் மேஸ்திரிகள் வாங்கும் தெளிவான டியூப் மீட்டர் கணக்கில் கிடைக்கும், 15 முதல் 20 மீட்டர் வாங்குங்கள். ஒரு அகலமான பக்கெட், ஸ்டூல், ஸ்டீல் டேப், மாஸ்க்கிங் டேப், கூர்மையான பென்சில், கட்டம் போட்ட நோட்டு. அவ்வளவுதான்.

செல்போனில் மட்டம் பார்க்கும் ஆப் இருக்கிறதே என்பீர்கள். அது 0.1 டிகிரி தவறினால் ஒரு மீட்டருக்கு 1.7 மி.மீ. தவறு, ஐந்து மீட்டர் ஹாலில் கிட்டத்தட்ட 9 மி.மீ., நாம் தேடுவதே அந்த அளவுதான். போதாததற்குப் போனின் முதுகில் கேமரா துருத்திக்கொண்டிருக்கிறது. ரசமட்டம் பக்கத்துப் பக்கத்து இடத்துக்கு நல்லது, ஆனால் அதையும் ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டு அதே இடத்தில் முன்பின்னாகத் திருப்பி வைத்துப் பாருங்கள், இரண்டு முறையும் குமிழி ஒரே பக்கம் போனால்தான் சரிவு தரையில் இருக்கிறது, பக்கம் மாறினால் கோளாறு ரசமட்டத்தில். லேசர் மட்டம் இருந்தால் வேலை சுலபம், ஆனால் கடையில் விற்கும் சாதாரண லேசர்கள் பலவற்றின் துல்லியம் 10 மீட்டருக்குக் கூட்டிக் குறைத்து 3 மி.மீ. என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். பக்கெட்டும் டியூபும் கவனமாகப் பிடித்தால் அதைவிட நன்றாகவே வரும், கரண்ட்டும் வேண்டாம்.

முதலில் அசையாத புள்ளி. இதில் நம் ஊருக்கு ஒரு வசதி உண்டு, பல இடங்களில் வாசலிலேயோ கொல்லையிலேயோ பாறை தலைநீட்டிக்கொண்டிருக்கும். அது உருட்டிவந்த கல்லாக இல்லாமல் பூமியோடு சேர்ந்த பாறையாக இருந்தால் அதைவிட நல்ல புள்ளி கிடையாது. உளியால் சின்னதாக ஒரு கூட்டல் குறி கொத்திவிடுங்கள். பாறை இல்லையா, போர்வெல் கேசிங் பைப் பாருங்கள். நம் பக்கத்து போர்களில் கேசிங்கைக் கெட்டிப் பாறை தொடும்வரை இறக்குவதுதான் வழக்கம், மேல்மண் நனைந்து காய்ந்தாலும் அது பெரிதாக அசையாது. பைப்பைக் கையால் ஆட்டிப் பாருங்கள், ஆடினால் அதை விட்டுவிடுங்கள். காம்பவுண்ட் சுவர், கேட் தூண், கரண்ட் கம்பம், தெரு சிமெண்ட் ரோடு எதுவும் வேண்டாம், உங்கள் வீட்டைவிட அவைதான் முதலில் இறங்கும்.

பக்கெட்டை வீட்டின் நடுவில் ஸ்டூல் மேல் வைத்து, முக்கால் அளவு தண்ணீர் ஊற்றிச் சிறிது நேரம் விடுங்கள், காற்று அடங்கட்டும். டியூபின் ஒரு முனையை பக்கெட்டுக்குள் ஆழமாக விட்டு ஒரு கல்லைக் கட்டி அமுக்கி, மறுமுனையை உறிஞ்சித் தண்ணீரை வரவழையுங்கள். அந்த முனையை எங்கே கொண்டுபோய் நிமிர்த்திப் பிடித்தாலும் தண்ணீர் பக்கெட் மட்டத்துக்கே நிற்கும், டியூப் மட்டம் என்பது அதுதான். ஒரு சொட்டு சொட்டுநீலம் கலந்தால் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். டியூப் முழுக்கக் கண்ணால் தடவிப் பாருங்கள், நடுவில் ஒரு காற்றுக்குமிழி நின்றாலும் கணக்கு பொய். தட்டித் தட்டி மேலே ஏற்றி வெளியேற்றிவிட வேண்டும், எனக்கு அளப்பதைவிட இதற்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும். பக்கெட் அகலமாக இருப்பதால் டியூபில் தண்ணீர் பத்து செ.மீ. ஏறினாலும் பக்கெட் மட்டம் 0.1 மி.மீ. கூட மாறாது, அதனால் இன்னொரு ஆள் மறுமுனையில் நின்று "ஏத்துங்க, இறக்குங்க" என்று கத்தத் தேவையில்லை, ஒருவரே பார்த்துவிடலாம். நடக்கும்போது முனையைக் கட்டைவிரலால் மூடிக்கொள்ளுங்கள், அளக்கும் இடத்தில் நின்று விரலை எடுத்துவிட்டு அரை நிமிடம் ஆட்டம் அடங்கும்வரை காத்திருங்கள். தண்ணீர் டியூபில் லேசாகக் குழிந்து நிற்கும், அந்தக் குழியின் அடியைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து படியுங்கள். காலையிலேயே முடித்துவிடுவது நல்லது, டியூபில் பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் கிடந்தால் சூடான தண்ணீர் சற்று உயரமாக நிற்கும்.

அசையாத புள்ளியில் டேப்பை நிமிர்த்தி, குறியிலிருந்து தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஏப்ரலில் 1040 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பிறகு உள்ளே வந்து ஒவ்வொரு அறையிலும் நான்கு மூலையிலும், நீளச் சுவரானால் நடுவிலும், பில்லர் இருந்தால் அதிலும், தண்ணீர் நிற்கும் இடத்தில் சுவரில் மாஸ்க்கிங் டேப் ஒட்டி மெல்லிய கோடு போடுங்கள். வெள்ளையடித்தால் டேப் போய்விடும், அதனால் பீரோவுக்குப் பின்னால், கதவுக்குப் பின்னால் என்று கண்ணில் படாத இடமாகப் பார்த்துச் சின்ன கான்கிரீட் ஆணி ஒன்று அடித்துவிட்டால் வருடக்கணக்கில் நிற்கும். அடுத்து ஒவ்வொரு கோட்டிலிருந்தும் நேர்கீழே தரை வரை அளந்து எழுதுங்கள். அறை நடுவிலும் நிலைவாசலின் இரண்டு பக்கமும் டியூபை டேப்போடு சேர்த்துப் பிடித்து நேரடியாகப் படியுங்கள். டைல்ஸின் ஓரத்தில் வைக்காமல் நடுவில் வையுங்கள், ஒரு டைல்ஸுக்கும் பக்கத்து டைல்ஸுக்கும் நடுவே சின்ன படி இருப்பது சகஜம். எந்த டைல்ஸ் என்று சுவரிலிருந்து எண்ணி நோட்டில் குறிக்காவிட்டால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது.

கடைசியில் மறுபடி பாறைக்குப் போய் அளவு பாருங்கள். காலையில் 1040 வந்தது இப்போது 1038 வருகிறதென்றால் சரி, ஆவியானது, சிந்தியது. ஐந்தாறு மி.மீ. வித்தியாசம் வந்தால் எங்கோ குமிழி, முழுவதும் திரும்ப எடுங்கள். இன்னொன்று, அதே நாளில் சில புள்ளிகளை இரண்டாம் தடவை அளந்து பாருங்கள், உங்கள் கை எவ்வளவு தவறுகிறது என்று தெரியும். இரண்டு மி.மீ. தவறுகிறதென்றால் பின்னால் வரும் நான்கு மி.மீ.க்குக் குறைந்த மாற்றத்தையெல்லாம் கண்டுகொள்ளாதீர்கள். இதைச் செய்யாமல் ஒரு மி.மீ. மாற்றத்துக்குத் தூக்கம் கெட்டவர்கள் உண்டு.

முதல் தடவை அளந்ததில் தரையின் வடிவம் கிடைக்கும். நோட்டில் வீட்டின் பிளான் வரைந்து, புள்ளிகளில் எண்களை எழுதி, 5 மி.மீ.க்கு ஒரு கோடாகச் சம அளவுகளை இணையுங்கள். தண்ணீரிலிருந்து தரைக்கு உள்ள அளவு கூடினால் தரை பள்ளம், குறைந்தால் மேடு, பலர் இதைத் தலைகீழாகப் படித்துவிடுகிறார்கள். ஒரே அறைக்குள் கிண்ணம் போல் நடுவில் பள்ளம் விழுந்து சுவரோரம் உயரமாக இருந்தால் நிரப்பு மண் அமுங்கியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். சுவரைத் தாண்டி அறைக்கு அறை ஒரே திசையில் சாய்ந்துகொண்டே போனால் கொஞ்சம் கவனம் வேண்டும். பழைய ஓட்டு வீட்டோடு பின்னால் ஒட்டிக் கட்டிய ஆர்.சி. (கம்பி கட்டிய கான்கிரீட்) அறையில் சேரும் இடத்தில் மட்டும் சட்டென்று மட்டம் உடைந்தால், அந்த இரண்டும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கின்றன, இது நம் ஊர்களில் மிகச் சாதாரணம். பாத்ரூம், பால்கனி, வாசல் திண்ணை, முற்றம் இவற்றைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள், அங்கே வாட்டம் வேண்டுமென்றே வைத்தது. வெயில் காலத்தில் டைல்ஸ் டப்பென்று எழும்பிக் கூடாரம் போல் நிற்பதும் பெரும்பாலும் இடைவெளி விடாமல் நெருக்கி ஒட்டியதாலும் சூட்டில் விரிவதாலும்தான், கடக்காலுக்கு அதில் பங்கில்லை.

வீட்டின் வெளிப்புறம் பேஸ்மட்டக் கோடும் ஒரு சாட்சி. மேஸ்திரி அதை டியூப் வைத்து மட்டம் பார்த்துத்தான் கட்டியிருப்பார், உள்தரை போல் அதற்கு வாட்டம் கிடையாது. நான்கு மூலையிலும் அதை அளந்து பாருங்கள், உள்ளே தரை சாய்ந்த அதே பக்கம் வெளியே பேஸ்மட்டமும் தாழ்ந்திருந்தால் அது பழைய இறக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். பழையது என்றால் கட்டிய முதல் சில வருடங்களில் இறங்கி அப்படியே நின்றதாகவும் இருக்கலாம். இன்னமும் இறங்குகிறதா என்பதை இந்த ஒரு நாள் அளவு சொல்லாது.

அதற்குத்தான் இரண்டாவது தடவை. கோடை முடியும் மே மாதத்தில் ஒன்று, மழை நன்றாக ஊறிய பிறகு நவம்பர் கடைசியில் ஒன்று, மறு வருடம் மே மாதம் இன்னொன்று என்று வைத்துக்கொண்டால் போதும். விரிசல் புதிதாகத் தெரிகிறதென்றால் மே வரை காத்திருக்காமல் இன்றைக்கே முதல் அளவை எடுத்துவிட்டு மாதம் ஒருமுறை பாருங்கள்.

கணக்கு இப்படி. ஏப்ரலில் பாறையில் 1040. அக்டோபரில் வேறு அளவு தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள், பாறையில் 1055 வருகிறது. அதாவது தண்ணீர் மட்டம் 15 மி.மீ. உயர்ந்திருக்கிறது. அப்படியானால் சுவரிலும் பழைய கோட்டுக்கு மேல் 15 மி.மீ. உயரத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். வடகிழக்கு மூலையில் மட்டும் 21 மி.மீ. உயரத்தில் நிற்கிறதா, அந்தச் சுவர் 6 மி.மீ. இறங்கியிருக்கிறது. இப்போது கோட்டிலிருந்து தரைக்கு அளந்து பாருங்கள். ஏப்ரலில் 412, இப்போதும் 412 என்றால் தரையும் சுவரும் சேர்ந்தே இறங்கியிருக்கின்றன. 406 என்றால் சுவர் மட்டும் இறங்கித் தரை நின்ற இடத்தில் நிற்கிறது. மாறாக எல்லா மூலையிலும் 15 சரியாக வந்து, தரைக்கு உள்ள அளவு மட்டும் 412-லிருந்து 420 ஆகியிருந்தால் சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை, நிரப்பு மண் 8 மி.மீ. அமுங்கியிருக்கிறது. பயப்பட வேண்டியது எது, டைல்ஸ்காரரைக் கூப்பிட வேண்டியது எது என்று இந்த இரண்டே கழித்தலில் பிரிந்துவிடும்.

எவ்வளவு இறங்கினால் அதிகம் என்பதற்கு, மொத்தமாக இறங்கியதை விட இரண்டு புள்ளிக்கு நடுவில் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். வீடு முழுக்க ஒரே சீராக ஒரு அங்குலம் இறங்கினால் பைப் இணைப்புதான் இழுபடும், சுவருக்குத் தெரியாது. 1956-ல் ஸ்கெம்ப்டன், மெக்டொனால்ட் என்ற பொறியாளர்கள் பல கட்டிடங்களைப் பார்த்துச் சொன்ன அளவு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: வித்தியாசத்தை நடுவிலுள்ள தூரத்தால் வகுத்தால் 300-ல் ஒரு பங்கைத் தாண்டும்போது சுவர்ப் பூச்சில் விரிசல் எதிர்பார்க்கலாம், 150-ல் ஒரு பங்கைத் தாண்டினால் பில்லர், பீமுக்கே சேதம் வரலாம். 4.2 மீட்டர் தள்ளியுள்ள இரண்டு மூலைக்கு நடுவில் 14 மி.மீ. இறங்கினால் அதுதான் 300-ல் ஒன்று. இது கட்டிய பின் நேர்ந்த அசைவுக்கான அளவு, கொத்தனார் அன்றே விட்ட சாய்வுக்குப் பொருந்தாது, அதை இதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பில்லர் இல்லாமல் செங்கல் சுவரே பாரம் தாங்கும் வீடு இதற்கு முன்பே விரிசல் விடும், கடக்காலுக்கான நமது இந்தியத் தரவிதி ஐ.எஸ். 1904-ம் அத்தகைய வீடுகளுக்கு மிகக் கடுமையான வரம்புதான் வைக்கிறது. என் எண்ணம், ஒரு வருடத்தில் ஒரே மூலை ஒரே திசையில் 5 மி.மீ. தாண்டிப் போனால் வகுத்துக்கொண்டு உட்காராமல் பொறியாளரைக் கூப்பிட்டுவிடுவது.

கோடையில் இறங்கி மழையில் அதே அளவு ஏறினால் அது கரிசல் மண்ணின் குணம். நம் இரண்டு மாவட்டத்திலும் செம்மண் அதிகம் என்றாலும் நடுநடுவே கரிசல் உண்டு, அது காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும், ஊறினால் உப்பும். அந்த வீடுகளில் சுவரோரத்துப் பெரிய மரம் கோடையில் ஈரத்தை உறிஞ்சி அந்த மூலையை மட்டும் இறக்கும். ஏறாமல் இறங்கிக்கொண்டே போனால் வேறு காரணம் தேட வேண்டும். சரிவு நிலத்தை வெட்டிச் சமப்படுத்திய மனையில் ஒரு பக்கக் கடக்கால் பாறையிலும் மறுபக்கம் கொட்டிய மண்ணிலும் நிற்கும். தூர்த்த கிணற்றின் மேலோ ஏரியோரத்துப் பள்ளத்தை நிரப்பிய மனையிலோ கட்டியிருப்பார்கள். மனை விற்றவர் சொல்ல மாட்டார், பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரைக் கேளுங்கள், கிணறு எங்கே இருந்தது என்று கையை நீட்டிக் காட்டுவார். தண்ணீர்க் கசிவும் இதே வேலையைச் செய்யும். சம்ப்பை நிரப்பி மட்டத்தைக் குறித்து, மோட்டார் போடாமல் இரவு முழுக்க விட்டுக் காலையில் பாருங்கள். மாடித் தண்ணீர் பைப் பேஸ்மட்டத்தின் அடியிலேயே ஊற்றுகிறதா என்றும் ஒரு மழையில் நின்று பார்த்துவிடுங்கள். இந்த இரண்டையும் சரிசெய்ததும் அடுத்த வருடம் இறக்கம் நின்றுபோவதும் உண்டு.

மாடித் தரை வேறு விஷயம். அங்கே நடுவில் தொய்வு இருந்தால் அது தளம் வளைந்ததாலும் இருக்கலாம், கான்கிரீட் கொட்டும்போது தாங்கிய சென்ட்ரிங் பலகை அன்றைக்கே தாழ்ந்து நின்றதாலும் இருக்கலாம். கான்கிரீட்டுக்கான தரவிதி ஐ.எஸ். 456 தளத்தின் மொத்த வளைவுக்கு நீளத்தில் 250-ல் ஒரு பங்கு வரை இடம் கொடுக்கிறது, 4 மீட்டருக்கு 16 மி.மீ. அதற்குள் இருந்து, கீழே சீலிங்கில் விரிசலோ துருக்கறையோ இல்லாவிட்டால் சும்மா விடலாம். ஆனால் மட்டம் சரிசெய்கிறேன் என்று தொய்ந்த தளத்தின் மேல் 40 மி.மீ. கலவை போட்டுப் புது டைல்ஸ் ஒட்டாதீர்கள், சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ ஏறும்.

விரிசல் இருந்தால் அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்ன ஆணி அடித்து, ஆணிக்கு ஆணி வெர்னியரால் அளந்து, விரிசலின் நுனியில் தேதியோடு கோடு போட்டு வையுங்கள். ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு போல் செங்கல் இணைப்பு வழியாக ஏறும் விரிசல், அகலம் 5 மி.மீ.யைத் தாண்டியது, பில்லரில் விழுந்தது, திடீரென்று நிலை இறுகிக் கதவு சாத்த முடியாமல் போனது, இவற்றுக்கெல்லாம் ஆறு மாத அளவு வேண்டாம். உடனே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள், அவர் வரும்வரை அந்த அறையில் படுக்க வேண்டாம். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க, மேல ஒரு பூச்சு பூசிட்டா போதும்" என்று சொல்பவரிடம் எதை அளந்து சொல்கிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.

இன்ஜினியர் வரும்போது பிளான் நோட்டு, பாறைக் குறியின் போட்டோ, தேதிவாரியாக அளவுகள், மரம், சம்ப், செப்டிக் டேங்க் எங்கே என்ற குறிப்பு, எந்த வருடம் எந்த அறையைச் சேர்த்துக் கட்டினீர்கள் என்ற விவரம் எல்லாவற்றையும் கொடுங்கள். கடக்கால் ஓரத்தில் ஒரு குழி தோண்டி மண் பரிசோதனை செய்யச் சொன்னால் செலவைப் பார்த்துத் தட்டிக்கழிக்காதீர்கள். தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போடும் எண்ணம் இருந்தால் மூன்றாவது அளவு வரும்வரை தள்ளிப்போடுங்கள், பெயர்க்கும்போது சுவரில் அடித்த ஆணிகளைப் பிடுங்கிவிட வேண்டாம் என்று வேலையாட்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.